சத்து மாத்திரை வேண்டாதவர்கள்

(உலக தலசீமியா நாளையொட்டி அரியலூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

மே மாத வெயிலில், அதுவும் அரியலூர் வெயிலில், நாலு மணிக்கு இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதே பெரிய விஷயம். பின்னால் நிற்கிற அம்மாக்களுக்கு யாராவது நாற்காலி எடுத்துப் போடுங்கள்.

இந்தக் கூட்டத்தின் நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பெரம்பலூரிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். "ஊர்ல பாதிப் பேருக்கு ரத்தம் கம்மி. நீங்க என்னடான்னா இரும்புச்சத்து கூடிப்போனவங்களைப் பத்திப் பேசப் போறேங்கறீங்க. யாருக்குங்க அது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு மாத்திரை என்று அரசு கொடுப்பது காரணத்தோடுதான். நான் அந்த மாத்திரைக்கு எதிராகப் பேச வரவில்லை. இங்கிருந்து வீட்டுக்குப் போய், "டாக்டர் சொல்லிட்டாரு" என்று மாத்திரை அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் ரத்தம் குறைந்து வருகிற அதே வரிசையில் வேறு சிலரும் நிற்கிறார்கள். வெளுத்த முகம், படியேறினால் மூச்சு வாங்கல், சோர்வு எல்லாம் அவர்களுக்கும் அப்படியே இருக்கும். உள்ளே இரும்பு போதுமான அளவு இருக்கும். சிலருக்கு ஆபத்தான அளவுக்கு இருக்கும். அவர்களுக்கும் நாம் அதே மாத்திரை, அதே டானிக், அதே முருங்கைக்கீரை என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். யாரை எங்கே பிரிக்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

முதலில் இரும்பின் வரவு செலவைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடம்பில் இருக்கிற மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஒரு சின்ன ஆணியில் இருக்கிற அளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில். சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். செத்த அணுவிலிருந்து இரும்பை எடுத்துப் புது அணுவுக்குக் கொடுப்பதில் உடம்பு மகா கெட்டி. தினம் 20, 25 மில்லிகிராம் அப்படித்தான் கைமாறுகிறது. சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்வது ஒரு நாளைக்கு வெறும் 1 முதல் 2 மில்லிகிராம். தோல் உதிர்வதிலும் குடலின் உள்தோல் உதிர்வதிலும் வெளியே போவதும் அதே அளவுதான். மாதவிலக்கு உள்ள பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

உப்பு அதிகமானால் சிறுநீரகம் தள்ளிவிடும். தண்ணீர் அதிகமானாலும் அப்படியே. இரும்பு அதிகமானால் தள்ளிவிட உடம்பில் எந்த உறுப்பும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் இராஜேந்திரன் வெட்டிய சோழகங்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இன்றைக்குப் பொன்னேரி என்கிறோம். அங்கே மட்டுமில்லை, எந்த ஏரியைக் கட்டியவனும் வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கு மூன்றையும் யோசித்துத்தான் கட்டியிருப்பான். இரும்பைப் பொறுத்தவரை நம் உடம்பு மதகும் கலிங்கும் இல்லாத ஏரி. வரத்து வாய்க்காலைத் திறப்பதும் அடைப்பதும் மட்டுமே அதற்குத் தெரியும். அந்த வேலையைச் செய்வது கல்லீரல் சுரக்கிற ஹெப்சிடின் என்ற பொருள். 2000த்தை ஒட்டித்தான் இதையே கண்டுபிடித்தார்கள். இருப்பு கூடினால் ஹெப்சிடின் கூடும், குடல் இரும்பை உள்ளே விடாது. இருப்பு குறைந்தால் ஹெப்சிடினும் குறையும், குடல் வழிவிடும்.

அந்த அடைப்பு வேலை செய்யாதவர்களுக்கும், குடல் வழியே போகாமல் நேராக ரத்தக்குழாய் வழியே இரும்பு ஏறுகிறவர்களுக்கும்தான் சிக்கல். மிஞ்சிய இரும்பு முதலில் கல்லீரலில் தங்கும். பிறகு கணையத்தில் தங்கிச் சர்க்கரை நோயைக் கொண்டுவரும். மூளையின் அடியிலிருக்கிற பிட்யூட்டரியில் தங்கினால் பிள்ளை வளராது, பருவமடைவது தள்ளிப்போகும். கடைசியில் இதயம். இதயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால் துடிப்பு தாறுமாறாகும். இதயம் பலவீனமாகி ஆளையே கொண்டுபோகும். இதெல்லாம் ஒரு நாளில் நடப்பதில்லை. வருடக்கணக்கில், வலி எதுவும் காட்டாமல் நடக்கும்.

இது யாருக்கு வருகிறது? பாடப்புத்தகத்தைத் திறந்தால் முதலில் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோய் இருக்கும். 1865இல் பிரெஞ்சு மருத்துவர் துருசோ, தோல் கறுத்து, கல்லீரல் கெட்டு, சர்க்கரையும் சேர்ந்து வருகிற ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1996இல்தான் அதற்குக் காரணமான எச்.எஃப்.இ. மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கோளாறு வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். அந்த வகை நம்மவர்களிடம் மிக அபூர்வம், அதனால் இதோடு விட்டுவிடுகிறேன். இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் வருகிற ஆலோசனையில் முக்கால்வாசி அவர்களுக்கு எழுதியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். "ரத்தத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று அதில் போட்டிருக்கும். அவர்களுக்கு அதுதான் வைத்தியம். வாரம் ஒரு தடவை 450, 500 மில்லி ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் 200, 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகும். ரத்தமே போதாமல் இருக்கிற தலசீமியா குழந்தைக்கு அதைச் செய்ய முடியுமா?

நம்மூரில் இரும்பு கூடிப்போகிறவர்களில் முக்கியமானவர்கள் அந்தக் குழந்தைகள்தான். இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் குழந்தைகள் தலசீமியா மேஜரோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். இந்த நோயை 1925இல் அமெரிக்காவில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் முதலில் விவரித்தார். ஹீமோகுளோபின் செய்கிற மரபணு இரண்டுமே பழுது. பிறந்து ஆறு மாதத்திலேயே குழந்தை வெளுக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை, ஆயுள் முழுக்க, ரத்தம் ஏற்ற வேண்டும்.

ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆண்டுக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 4 முதல் 5 கிராம். வளர்ந்த மனிதர் ஒருவரின் மொத்த இருப்பு எவ்வளவு என்று சொன்னேன்? அதைவிட அதிகமாக, ஒரே ஆண்டில், ஒரு பிள்ளையின் உடம்பில் சேர்கிறது. அடுத்த ஆண்டு இன்னொரு 5 கிராம். வெளியே போக வழியில்லை. அந்த ரத்தம்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது, அந்த ரத்தம் கொண்டுவருகிற இரும்புதான் கொல்லவும் செய்கிறது. இரும்பை வெளியேற்றும் மருந்து இல்லாத காலத்தில் ரத்தம் ஒழுங்காக ஏற்றிக்கொண்ட பிள்ளைகளும் இருபதை ஒட்டிய வயதில் இதயம் கெட்டு இறந்துபோனார்கள்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை வேலை செய்யாமல் மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிற பெரியவர்கள். நடுத்தர வகைத் தலசீமியா உள்ளவர்கள். இவர்களுக்கு ரத்தம் ஏற்றவே வேண்டியிருக்காது, ஆனால் ஹெப்சிடின் குறைவாக இருப்பதால் குடலே அதிகமாக இரும்பை இழுத்துக்கொண்டிருக்கும். அப்புறம், நெடுநாள் குடிக்கிறவர்கள். மது கல்லீரலையும் கெடுக்கும், ஹெப்சிடினையும் அமுக்கும். டாஸ்மாக் வாசலில் நிற்கிற ஆளிடம் போய் ஹெப்சிடின் பற்றிப் பேச முடியாது. அவர் வீட்டம்மா இங்கே வந்திருந்தால் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். செந்துறைப் பக்கமோ வேப்பந்தட்டைப் பக்கமோ, எந்த ஊராகவும் இருக்கலாம். இருபத்திரண்டு வயது. ஹீமோகுளோபின் 9.8. பள்ளியில் படிக்கும்போது சத்து மாத்திரை சாப்பிட்டாள், 9.8. கல்லூரியில் டானிக் குடித்தாள், 10. கல்யாணம் முடிவானதும் அம்மா வாரம் ரெண்டு தடவை சுவரொட்டி வாங்கி வதக்கிக் கொடுத்தாள், மறுபடி 9.8. "நீ மாத்திரையை முழுங்காம தூக்கிப் போடறே" என்று வீட்டில் திட்டு வேறு.

அவளுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இன்றைக்குச் சின்ன ஊர் லேப்பில்கூட எந்திரம்தான் எண்ணுகிறது. ஹீமோகுளோபின் மட்டும் இல்லாமல் எம்.சி.வி. என்று ஒரு எண்ணும் வரும், சிவப்பணுவின் அளவு அது. அவளுக்கு 64; 80க்குக் குறைந்தால் அணு சின்னது என்று அர்த்தம். அதே சீட்டில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 56 லட்சம் என்று போட்டிருக்கும், சீட்டில் 5.6 என்று இருக்கும். இரும்பு இல்லாமல் ரத்தம் குறைந்தவளுக்கு அணு சின்னதாகவும் இருக்கும், எண்ணிக்கையும் குறையும். இவளுக்கு அணு சின்னது, எண்ணிக்கையோ அதிகம். 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11.4. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 1973இலேயே மென்ட்சர் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். கால்குலேட்டர்கூட வேண்டாம், போன் போதும். இது முடிவான தீர்ப்பு கிடையாது, சந்தேகப்படுவதற்கான அடையாளம். அடுத்து ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், அது உடம்பில் சேமித்து வைத்த இரும்பின் அளவு. பிறகு எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்பது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவள் பீட்டா தலசீமியாவைச் சுமப்பவள். நோயாளி இல்லை, சுமப்பவள். ஒரு மரபணு நன்றாக இருக்கிறது, இன்னொன்று பழுது. அவளுடைய இயல்பான ஹீமோகுளோபினே அவ்வளவுதான். எத்தனை மாத்திரை போட்டாலும் ஏறாது. இரும்புக் குறைவும் சேர்ந்தே இருந்தால் ஏ2 சில சமயம் ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்டவர்களுக்கு இரும்பு கொடுத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பள்ளியில் கொடுக்கிற மாத்திரையால் அந்தப் பெண்ணுக்கு ஆபத்தான அளவு இரும்பு சேர்ந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன், அப்படி நடப்பதில்லை. ஃபெரிட்டினைப் பார்க்காமலே வருடக்கணக்கில் மாத்திரை, அது சரிப்படவில்லை என்று குளுக்கோஸில் கலந்து இரும்பு ஊசி, அதுவும் சரிப்படவில்லை என்று இரண்டு யூனிட் ரத்தம் என்று போனால்தான் இரும்பு ஏறும். அதைவிடப் பெரிய நட்டம் இன்னொன்று. தான் தலசீமியாவைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே அவளுக்குக் கல்யாணம் ஆகிறது. யாரோடு? மாமன் மகனோடு, அத்தை மகனோடு, சில வீடுகளில் தாய்மாமனோடே. சொந்தத்தில் திருமணம் செய்கிற வழக்கம் இந்தியாவிலேயே தமிழ்நாட்டில்தான் அதிகம். நான் முதலில் சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 28 பெண்கள் என்று வருகிறது. ஒரே தாத்தாவிடமிருந்து அந்தப் பழுதான மரபணு இரண்டு கிளையிலும் இறங்கியிருக்கலாம். இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்குத் தலசீமியா மேஜர். "முதல் பிள்ளைக்கு வந்துட்டது, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று ஒரு கணக்கைச் சொல்கிறார்கள். அது தப்பு. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டு எடுப்பதுதான்.

சைப்ரஸ் என்று ஒரு குட்டித் தீவு. ஏழு பேரில் ஒருவர் தலசீமியா சுமப்பவர். இந்த நோயோடு பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஆயுள் முழுக்க ரத்தமும் மருந்தும் கொடுத்தால் நாட்டு வருமானமே தாங்காது என்ற நிலை 1970களில் வந்தது. மருத்துவர்கள் சொன்னார்கள், தேவாலயமும் ஒத்துக்கொண்டது. திருமணம் செய்ய வருகிற ஜோடி இருவரும் பரிசோதனை செய்த சான்றிதழைக் கொடுக்க வேண்டும். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு செய்யச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் புதிதாகத் தலசீமியா மேஜரோடு பிறப்பது ஏறக்குறைய நின்றேபோனது. இங்கே பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், ஒரு எச்.பி.எல்.சி.யும் சேர்த்துப் பார்த்தால் சோசியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, சாப்பாடு. நீங்கள் எல்லாரும் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும்.

ரத்தசோகைக்காரர்களுக்கு நாம் சொல்கிறதையெல்லாம் இரும்பு கூடியவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்களிடம் சாப்பிட்டதும் டீ குடிக்காதே என்கிறோம். இவர்களிடம் சாப்பாட்டோடு டீ குடி என்கிறோம். தேயிலையின் டானின், காய்கறி தானியத்திலுள்ள இரும்பைக் குடல் எடுத்துக்கொள்வதைப் பாதிக்கும் மேல் குறைக்கும். அவர்களுக்குச் சோற்றில் எலுமிச்சை பிழியச் சொல்கிறோம். இவர்களுக்கு வைட்டமின் சி நிறைந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம் என்கிறோம். உங்கள் ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்தில் இப்போது முந்திரிப் பழ சீசன். ஆரஞ்சைப்போலப் பல மடங்கு வைட்டமின் சி அதில். கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தைக் காட்டிலேயே போட்டுவிட்டு வருகிறோமே, ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அதை உப்புப் போட்டு, சோற்றோடு கொடுத்தால் எவ்வளவு நல்லது! தலசீமியா பிள்ளை மட்டும் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழித்து, ஆசைக்கு ஒன்று தின்னட்டும். வைட்டமின் சி மாத்திரை மட்டும் டாக்டர் சொல்லாமல் கூடவே கூடாது. உறைந்து கிடக்கிற இரும்பை அது கிளப்பிவிட்டு இதயத்தைத் தாக்க வைக்கும். சில மருந்துகளோடு சேர்த்துக் குறைந்த அளவில் டாக்டரே கொடுப்பார், அது வேறு.

எதை விட வேண்டும்? சுவரொட்டி, ஈரல், ரத்தப் பொரியல். மாமிசத்திலுள்ள இரும்பு எளிதாகச் சேரும். எந்த டீயும் அதை அவ்வளவாகத் தடுக்காது. ஆட்டுக்கறியை எப்போதாவது வைத்துக்கொள்ளலாம். கோழி, மீன், முட்டை பரவாயில்லை. முருங்கைக்கீரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நூறு கிராமுக்கு சுமார் நாலரை மில்லிகிராம் இரும்பு, அதிலும் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம். கம்பங்கூழும் அப்படித்தான். கம்பில் இரும்பு உண்டு, அதைக் கட்டிப்போடுகிற பைட்டேட்டும் கூடவே உண்டு. தலசீமியா வந்த பிள்ளைக்குக் கீரையே கொடுக்காமல், பருப்பு கொடுக்காமல், வெறும் தயிர்சோறு போட்டு எலும்பும் தோலுமாக்கி வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இரும்பு ரத்தப் பையிலிருந்து வருகிறது, கீரையிலிருந்து இல்லை. கால்சியம், துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் அதற்கு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் தேவை. ராகிக் களி, பால், மோர், பயறு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்.

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வைக்காதீர்கள். புளிப்பு இரும்பைக் கரைக்கும். ரத்தசோகை வீட்டுக்கு அது வரம். தென்னாப்பிரிக்காவில் இரும்புப் பாத்திரத்தில் வீட்டிலேயே காய்ச்சிய மதுவை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் கல்லீரலில் இரும்பு மண்டிக் கிடந்ததை 1929இலேயே எழுதியிருக்கிறார்கள். பால் பவுடர், ஹெல்த் டிரிங்க் டப்பாக்களில் இரும்பு சேர்த்திருப்பார்கள், பின்பக்கம் படித்துப் பாருங்கள். சித்த வைத்தியரிடம் போனாலும் நோயின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அயச் செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பேதான். சோகைக்கு அவர் கொடுப்பது முறை, இந்த நோய் இருப்பது தெரியாமல் கொடுத்தால் அவர் மேல் தப்பில்லை.

ரேஷன் அரிசி பற்றிக் கேட்க ஒருவர் முன்வரிசையில் கையைத் தூக்கி வைத்திருக்கிறார். அதற்கும் வருகிறேன், கையை இறக்குங்கள் அண்ணே.

செறிவூட்டிய அரிசி தமிழ்நாட்டில் சோதனையாக முதலில் வந்தது நம் பழைய தாய் மாவட்டமான திருச்சியில், 2020இல். 2023 ஏப்ரலிலிருந்து மாநிலம் முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாதிரியே வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில் கலப்பார்கள். நம் பெண்கள் களையும்போது மிதந்ததைப் பார்த்துவிட்டு "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிந்தது உங்களுக்குத் தெரியும். ரத்தசோகைக்கென்று போட்ட இரும்பு கோழிக்குப் போனது.

இதில் தலசீமியாக்காரர்கள் என்ன செய்வது? 2018இல் வந்த விதிமுறையில், இரும்பு சேர்த்த உணவின் பையில் "தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடலாம்" என்று அச்சிட வேண்டும் என்றிருந்தது. சாக்கைப் பிரித்துப் படியில் அளந்து போடுகிற கடையில் அந்த வாசகத்தை யார் படிப்பது? வழக்குகள் உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் வரை போயின. வல்லுநர் குழு ஒன்று அந்த எச்சரிக்கை தேவையில்லை என்று சொல்ல, 2024இல் அதை எடுத்துவிட்டார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒரு கிலோவில் சேர்ப்பது 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு. தினம் 300 கிராம் அரிசி சாப்பிடுகிறவருக்கு 8 முதல் 13 மில்லிகிராம், அதில் குடல் எடுத்துக்கொள்வது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மாதம் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றுகிற பிள்ளைக்கு அந்த ரத்தத்திலிருந்தே 400 மில்லிகிராமுக்கு மேல். அங்கே அரிசியைப் பற்றிக் கவலைப்படுவது நேரத்தை வீணாக்குவது. ஆனால் ரத்தம் ஏற்றாத நடுத்தர வகைத் தலசீமியா இருக்கிறதே, அவர்களின் குடல் கட்டுப்பாடில்லாமல் இழுக்கும். அந்தச் சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் கூடும். அவர்கள் சாதா அரிசி கேட்டால் கொடுக்க கடையில் வழி இருக்க வேண்டும். பலருக்கு நல்லதைச் செய்யும்போது, சிலருக்கு வேறு வழி வைப்பது அரசால் முடியாத காரியமில்லை. எச்சரிக்கையை எடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. அரிசியை எதிர்ப்பதிலும் உடன்பாடில்லை.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் ஆவது கொஞ்சம்தான். வேலை செய்வது மருந்து.

பத்து, இருபது தடவை ரத்தம் ஏற்றியதும், அல்லது ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டியதும் மருந்தை ஆரம்பிக்க வேண்டும். முதலில் வந்தது டெஸ்ஃபெரால், 1960களில். மண்ணிலிருக்கிற ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது. மாத்திரையாகப் போட்டால் வேலை செய்யாது. சின்ன பம்ப் ஒன்றை வயிற்றில் கட்டி, தோலுக்கடியில் ஊசியைச் சொருகி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் ஐந்தாறு ராத்திரி. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தினம் ராத்திரி அம்மாவே ஊசி குத்த வேண்டும். எத்தனை வீட்டில் முடியும்? அதன் பிறகு டெஃபெரிப்ரோன் மாத்திரை வந்தது. உலகத்திலேயே இதற்கு முதலில் அனுமதி கொடுத்த நாடு இந்தியாதான், 1990களின் நடுவில். ஐரோப்பாவில் 1999, அமெரிக்காவில் 2011. நம் ஊர்க் கம்பெனி செய்து கொடுத்த மருந்து அது. இதயத்திலிருக்கிற இரும்பை நன்றாக எடுக்கும். சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: சிலருக்கு வெள்ளணு திடீரென்று விழுந்துவிடும். அந்த மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, ரத்த எண்ணிக்கை பாருங்கள். "மழையில நனைஞ்சது" என்று விட்டுவிடக் கூடாது. மூன்றாவது டெஃபெராசிராக்ஸ், 2005க்குப் பிறகு வந்தது. தண்ணீரில் கரைத்து தினம் ஒரு வேளை, வெறும் வயிற்றில். சிறுநீரகம், கல்லீரல் இரண்டையும் மாதாமாதம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

இந்த மருந்துகளின் பெரிய எதிரி பதினைந்து வயது. பத்து வயதுவரை அம்மா கொடுத்தால் பிள்ளை குடிக்கும். பதினைந்தில், "எனக்கு ஒண்ணும் இல்லை, நான் எல்லாரையும் போலத்தான்" என்று நிறுத்திவிடுவான். நிறுத்தினால் மறுநாள் ஒன்றும் தெரியாது, அதுதான் கஷ்டம். ஃபெரிட்டின் எண்ணை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுத வையுங்கள், திட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒரு தடவை இதயத்துக்கும் கல்லீரலுக்கும் டி2 ஸ்டார் என்ற எம்.ஆர்.ஐ. எடுத்தால் இரும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். இதயத்தில் அந்த எண் 20க்கு மேல் இருக்க வேண்டும், பத்துக்குக் கீழே போனால் அவசரம்.

முழுக்கக் குணமாக்குவது எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தொடங்கியதே ஒரு தலசீமியா குழந்தைக்குத்தான். அண்ணன், தங்கை யாருடைய மஜ்ஜையாவது பொருந்த வேண்டும், சின்ன வயதிலேயே, இரும்பு ஏறுவதற்குள் செய்தால் பலன் அதிகம். கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா உதவித் திட்டத்தில் பத்து லட்சம் ரூபாய்வரை கிடைக்க வழி உண்டு. மாற்று முடிந்து குணமான பிறகும் பழைய இரும்பு உள்ளேயே இருக்கும். அப்போது, நான் முதலில் சொன்ன மாதிரி, ரத்தத்தை எடுத்தே அதை வெளியேற்றுவார்கள். 2016 சட்டப்படி தலசீமியா மாற்றுத்திறன் பட்டியலில் இருக்கிறது, சான்றிதழ் வாங்குங்கள். அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ரத்தம் ஏற்றவும் மருந்து வாங்கவும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வேலூருக்கும் பஸ் ஏறிக்கொண்டே இருந்த வீடுகள், முதலில் இங்கே போய்க் கேட்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(கூட்டத்திலிருந்து ஒருவர்: "எனக்குச் செக்கப்ல ஃபெரிட்டின் 600ன்னு வந்திருக்கு. எனக்கும் இரும்பு கூடிடுச்சா?")

கொரோனா நேரத்தில் ஃபெரிட்டின் என்ற சொல் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. செக்கப் எடுத்தபோது உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா? சர்க்கரை, தொப்பை, கொழுப்பேறிய கல்லீரல்? சிரிக்கிறீர்கள், இருக்கிறது போல. காய்ச்சலிலும், கொழுப்புக் கல்லீரலிலும், குடிப்பதாலும் இரும்பு கூடாமலே ஃபெரிட்டின் கூடும். டெங்குவில் ஆயிரக்கணக்கில் ஏறும். காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில், காலை வெறும் வயிற்றில், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்று ஒரு பரிசோதனை பாருங்கள். 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரும்பைப் பற்றி யோசிப்போம். இல்லையென்றால் எடையைக் குறைக்கிற வழியைப் பாருங்கள். கீரையை விட்டுவிடாதீர்கள்.

(பெண் ஒருவர்: "எங்க பொண்ணுக்கு அந்த ஏ2 அஞ்சுன்னு வந்திருக்குங்க. இப்ப ரெண்டு மாசம் முழுகாம இருக்கா. மாப்பிள்ளை என் தம்பிதான்.")

அம்மா, பதறாதீர்கள். உங்கள் தம்பிக்கு இன்னும் பார்க்கவில்லையா? நாளைக்கே அவருக்கு ரத்த எண்ணிக்கையும் எச்.பி.எல்.சி.யும் எடுங்கள். அவருக்கு இல்லையென்றால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் வராது, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவருக்கும் இருந்தால் நாள் கடத்தக் கூடாது. பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து, குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்க முடியும். வேலூரில் செய்கிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு பேருடைய மரபணுவில் எங்கே பழுது என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும், அதற்கும் சில நாட்கள் ஆகும். பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் தொடரட்டும். இரும்பு மாத்திரை வேண்டுமா என்பதை ஃபெரிட்டின் பார்த்து உங்கள் மகப்பேறு டாக்டர் சொல்லட்டும்; நீங்களாக நிறுத்த வேண்டாம். கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள், சீட்டு எழுதித் தருகிறேன். தம்பி கூட வந்திருக்கிறாரா? அவரையும் கூப்பிடுங்கள்.